கூத்தாடினால் படிப்புக் கெடுமா?

(தோட்ட மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், இளையோர் கலை வகுப்பை நடத்திவரும் நாடக ஆசிரியர் ஆற்றிய உரை. பேச்சு நடையைக் கூடியவரை மாற்றாமல் தருகிறோம்.)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை கொழுந்து மடுவத்துப் பக்கம் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "ஏன் சேர், சனிக்கிழமையானா புள்ளைகளக் கூத்தாட வைக்கிறீங்களே, சாதாரண தரப் பரீட்சையில கூத்துலயா கேள்வி கேக்கப் போறாங்க?" என்றார்.

கேட்கிறார்கள் அம்மா! நாடகமும் அரங்கியலும் என்று நம் நாட்டில் சாதாரண தரத்துக்கு ஒரு பாடமே இருக்கிறது. உயர்தரத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதில் அது இல்லை. முழுப் பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பைத் தொடங்கிய முதல் வருடம், நானே உட்கார்ந்து ஒரு நாடகம் எழுதினேன். நல்ல செந்தமிழ். "தாயே, கல்வியே கண்" என்கிற மாதிரி வசனங்கள். 13 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக்கிக் கொடுத்தேன். விழா அன்று விருந்தாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். மேடைக்கு வந்த பிள்ளை இரண்டு வரி சொன்னது, மூன்றாவது வரி மறந்தது, அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, பின்னால் நின்ற ஒரு தாத்தா கிட்ட வந்தார். அந்தக் காலத்தில் இந்தத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு ரதி வேசம் கட்டியவர். "சேர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. புள்ளைக பேசினது யாரு பேச்சு?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது என் பேச்சு. பிள்ளைகளின் பேச்சு அதில் ஒரு சொல்கூட இல்லை.

அன்று முதல் அந்தத் தாத்தாதான் எனக்கு ஆசிரியர். காமன் கூத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதத்தில் பிறை பார்த்துக் காமனை நட்டு, பௌர்ணமியை ஒட்டி எரிக்கும்வரை, லயத்துக்கு லயம் தப்பு முழங்கும். ரதி, மன்மதன், தூதன், எமன், வீரபத்திரன் என்று வேசங்கள் வரும். 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், இத்தனை பாட்டையும் கதையையும் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பகல் முழுவதும் துரை முன்னால் வாய்பொத்தி நின்ற மனிதன், இரவில் எமனாக வந்து ஊரே அதிரப் பேசினான். அந்தக் களத்தில் அவனை "பேசாதே" என்று சொல்ல ஆள் இல்லை. 1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டி, அதைப் பாடியே சனங்களைக் கூட்டினார். நம்மவர்களுக்குப் பாட்டும் கூத்தும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

இப்போது வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை 2 மணிக்கு வட்டமாக நிற்போம். கைகால் ஆட்டி, மூச்சு விட்டு, குரலைத் திறப்போம். பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, அந்தக் கிழமை கண்ட ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டையாக இருக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்ததாக இருக்கலாம், ஆனால் வீட்டுப் பெயர் சொல்லக்கூடாது. முதலில் பேச்சே இல்லாமல், படம் பிடித்த மாதிரி அசையாமல் நின்று காட்ட வேண்டும். பிறகுதான் பேச்சு, அதுவும் அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. நான் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிக்கக்கூடாது என்ற ஒரு சட்டத்தை மட்டும் நான் விடுவதில்லை.

தப்பு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பையன் தப்பைத் தொடமாட்டேன் என்றான். "அது எங்க ஆளுக அடிக்கிறது இல்ல சேர்" என்றான். இன்னொரு பையனின் அப்பா நல்ல தப்புக்காரர், ஆனால் பாடசாலையில் கேலி செய்வார்கள் என்று அவன் அதை வெளியில் சொல்வதே இல்லை. நான் பிரசங்கம் செய்யவில்லை. அந்த அப்பாவை வகுப்புக்கு அழைத்தேன். வைக்கோலைக் கொளுத்தி, தப்பைச் சூடுகாட்டி, தோல் இறுகியதும் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கூடாரத் தகரமே அதிர்ந்தது. ஒரு மணி நேரம் அவர்தான் ஆசிரியர், நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படித்தேன். முடிந்து போகும்போது அவருடைய மகன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்தான். தொடமாட்டேன் என்ற பையன் அடுத்த சனிக்கிழமை குச்சியைக் கேட்டு வாங்கினான்.

அடுத்தது, நீங்கள் எல்லோரும் பார்த்த நாடகம். தென்னமெரிக்காவில் பிரேசில் நாட்டைச் சேர்ந்த அகஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் ஒரு முறையை உண்டாக்கினார். 2009இல் காலமானவர். நாடகம் சிக்கலான இடத்தில் நிற்கும். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பார்க்கிறவர்களைக் கேட்பார்கள். விரும்பியவர் எழுந்து வந்து அந்தப் பாத்திரமாக நடிக்கலாம். இந்த முறையில் நம் பிள்ளைகள் ஒரு கதை செய்தார்கள். கடைக்கடன் ஏறிவிட்டது. கொழும்பில் வீட்டுவேலைக்குப் பிள்ளை வேண்டும் என்று தரகர் வருகிறார். அம்மா வாயடைத்து நிற்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தினோம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழுந்து வந்தார். வாழ்க்கையில் மேடை ஏறாதவர். அம்மா வேசம் போட்ட பிள்ளையின் முந்தானையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கணவனாக நடித்த பையனைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் புள்ளைய அனுப்பினா இந்தக் கடன் தீரும். அடுத்த கடனுக்கு எந்தப் புள்ளைய அனுப்புவ?"

பையனுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. எங்களுக்கும்தான்.

அன்று யாருடைய கடனும் தீரவில்லை. நாடகம் கடனை அடைக்காது, சம்பளத்தையும் கூட்டாது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு தகப்பனார் வீதியில் என்னோடு கொஞ்சத் தூரம் நடந்துவந்தார். "எம்மவளுக்கும் ஆள் வந்து பேசிட்டுப் போனாங்க சேர். வீட்டுல யாரும் அதப் பத்தி வாயத் தொறக்கல. நேத்துத்தான் உக்காந்து பேசுனோம். அவ படிக்கட்டும்" என்றார். 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கு வைப்பதற்கான குறைந்த வயது 16 ஆக்கப்பட்டது. அந்தச் சட்டம் நல்லது. ஆனால் சட்டம் ராத்திரியில் லயத்துக் கதவைத் தட்டி வராது. வீட்டுக்குள்ளே ஒரு வாய் பேசினால்தான் அந்தச் சட்டத்துக்கும் உயிர்.

ஆகவே, கூத்தாடினால் படிப்புக் கெடுமா என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான். வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்த பிள்ளைதான் படிப்பில் பின்னால் நிற்கிறது. தனக்கு ஒரு கெடுதல் நடந்தால் சொல்லப் பயந்த பிள்ளைதான் கெட்டுப்போகிறது. எல்லாப் பிள்ளைகளையும் நடிகராக்க நான் வரவில்லை. இந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஆசிரியராகலாம், தாதியாகலாம், மலையிலேயே வேலை செய்யலாம். எங்கே போனாலும் தன் பேச்சைத் தானே பேச வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். சனிக்கிழமை நடப்பது அந்தப் பழக்கம்தான்.

உங்களிடம் மூன்று உதவி கேட்கிறேன். பொம்பளைப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புங்கள். சரியாக 4 மணிக்கு வகுப்பு முடியும், லயத்துக்கு ஒரு பெரியவர் கூட்டிப்போக முறை வைப்போம். இரண்டாவது, பரீட்சை நெருங்கும் மூன்று மாதம் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானே லீவு தருகிறேன், படிக்க வையுங்கள். மூன்றாவதுதான் பெரியது. வீட்டில் பிள்ளை எதிர்த்துக் கேள்வி கேட்டால், "கூத்துக்குப் போய்க் கெட்டுப்போச்சு" என்று அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, என்ன கேட்கிறது என்று கேளுங்கள்.

நான் பேசியது போதும். இனிப் பிள்ளைகள் பேசட்டும்.