எடைமேடையிலிருந்து கணக்கு அறைக்கு

இந்தக் கருத்தரங்கின் பின்வரிசையில் தயங்கி உட்கார்ந்திருக்கும் ஆலைப் பணியாளர்கள் முன்னால் வரலாம். நீங்கள் தினமும் கையாளும் பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

உள்ளங்கை அகலப் பெட்டி அது. ஒரு பக்கம் ஒன்பது ஊசி சீரியல் போர்ட், மறுபக்கம் ஈதர்நெட். அழைப்பிதழில் 'கருவிச் சேவையகம்' என்று அச்சிட்டிருக்கிறோம். ஆலையில் அதற்குக் 'கன்வெர்ட்டர்' என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பெயர், பிளக்கை மாற்றிச் செருகுவதோடு வேலை முடிந்தது என்று எண்ண வைக்கிறது. உள்ளே இருப்பதோ ஐபி முகவரியும் செயலியும் மென்பொருளும் கொண்ட சிறு கணினி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்க்கரை ஆலையில் எனக்கு நேர்ந்தது இது. எடைமேடையின் இண்டிகேட்டர் ஆர்எஸ்-232 வழியாக எடையை அனுப்பும். 1960இல் வந்த அந்தத் தரத்துக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் கேபிள் இழுப்பது வழக்கமில்லை. கணக்கு அறையோ முந்நூறு மீட்டர் தள்ளி, வேறு கட்டடத்தில். ஆலையின் நெட்வொர்க் இரண்டு இடத்துக்கும் போனதால், கன்வெர்ட்டரை மாட்டினேன். கணக்கு அறைக் கணினியில் போலி காம் போர்ட் ஒன்றை நிறுவியதும் அங்கிருந்த பழைய எடை மென்பொருள், தன் கேபிள் கணினியின் முதுகிலேயே செருகியிருப்பதாக நம்பி ஓடத் தொடங்கியது. மதியம் வரை எல்லாம் சரி. பிறகு 18,460 கிலோ காட்ட வேண்டிய ஒரு வண்டிக்கு, 460 என்று சீட்டு வந்தது. விவசாயி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நான் ஏத்திட்டு வந்தது கரும்புங்களா, தோகைங்களா?"

இண்டிகேட்டர் எடையை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுச் சற்று ஓயும், மறுபடி அனுப்பும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பழைய மென்பொருளை எழுதியவர் அந்த ஓய்வையே முற்றுப்புள்ளியாக வைத்துக்கொண்டார்: சத்தம் நின்றால், வந்தவரை ஓர் எடை. நேர்க் கம்பியில் அது பலித்தது. கன்வெர்ட்டரோ வந்த பைட்டுகளைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. '18' ஒன்றிலும் '460' அடுத்ததிலும் போய்விட்டன. பைட்டுகளை வரிசை பிசகாமல் சேர்ப்பது டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையின் பொறுப்பு. அவற்றுக்கு இடையிலிருந்த மௌனத்தைச் சேர்ப்பது அதன் பொறுப்பில்லை.

கன்வெர்ட்டரில், முடிவு எழுத்து வந்த பிறகே அனுப்பு என்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டதும் சீட்டுகள் ஒழுங்காயின. ஆனாலும் அதைத் தீர்வென்று ஏற்க எனக்கு மனமில்லை. வழியில் மறுபடி பிரியாது என்று டிசிபி வாக்குக் கொடுக்கவில்லை. தொடக்க எழுத்திலிருந்து முடிவு எழுத்துவரை மென்பொருளே கோத்துப் படிக்கும்படி திருத்திய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸும் மௌனத்தை நம்பும் மொழிதான். அதன் ஆர்டியு வடிவில், மூன்றரை எழுத்து நேரம் ஓய்ந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். டிசிபிக்கு மாற்றியவர்கள் இதை உணர்ந்து, செய்தியின் நீளத்தைத் தலைப்பகுதியிலேயே எழுதிவிட்டார்கள். ஒரே ஜோடிக் கம்பியில் முப்பது மீட்டர் கருவிகளைத் தொங்கவிட்டிருக்கும் நண்பர்கள், தங்கள் பெட்டி மோட்பஸை அறிந்து மொழிபெயர்க்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு பைட்டுகளைக் கடத்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நேர்க் கம்பி இன்னொன்றையும் இலவசமாகத் தந்தது. கருவியோடு பேச வேண்டுமானால் அந்த அறைக்குள் நடந்து போக வேண்டும். நெட்வொர்க்கில் ஏற்றியதும் பூட்டிய கதவு போயிற்று. உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளை இருட்டாக்கினார்கள். அதோடு நிற்காமல், துணைமின் நிலையங்களிலிருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் அழித்தெழுதினார்கள். பிரேக்கர்களைத் தொலைவிலிருந்து மூட வழியில்லாமல், ஊழியர்கள் வண்டியெடுத்துப் போய்க் கையால் மூடினார்கள். நம் பெட்டிகளில் எத்தனை, தயாரித்தபோது இட்ட கடவுச்சொல்லோடேயே ஓடிக்கொண்டிருக்கின்றன? கையைத் தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் வேகம் இருக்கிறது, தூரம் இருக்கிறது. கேபிளைப் பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். இணைப்பு அறுந்த பிறகும் கடைசி எடையையே திரையில் காட்டிக்கொண்டிருக்கும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வண்டிக்கும் அதே எடை விழும். ஓர் இண்டிகேட்டரும் இரண்டு கன்வெர்ட்டர்களும் அதோ அந்த மேசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உணவு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் கேபிளை உருவிப் பார்க்கலாம்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.