கேட்டறிந்து விற்பது

 

விளம்பரத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். அத்தொழில் பத்திரிகையிலிருந்து வானொலிக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும், இப்பொழுது கைபேசித் திரைக்கும் குடிபெயர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்த எனக்கு, பட்டம் பெறும் இளைஞர்களாகிய உங்களிடம் சொல்ல ஒரே விஷயந்தான் இருக்கிறது: டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று நீங்கள் கற்றுத் தேர்ந்த வித்தை, வாங்குகிறவருடைய தேவை இன்னதென்று விசாரித்து அறிந்த பிறகே பிரயோஜனப்படும்.

பீகார் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே மின்விளக்கு எரிந்த வீடுகள் நூற்றுக்குப் பதினாறே. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் பதினைந்தைக்கூட எட்டவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தொலைபேசி, பெரும்பாலும் கைபேசி, இருந்தது. சோப்பும் ஷாம்புவும் விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியார், இங்கே நம் விளம்பரம் எடுபடாது என்று ஒதுங்கிவிடாமல், இருட்டிய பிறகு இந்த ஜனங்களுக்கு எது குறை என்று ஆராய்ந்தார்கள். பாட்டும் கேளிக்கையும் குறை. கைபேசியில் போட்டுப் பேசப் பணமும் குறை. காசு செலவாகாதபடி மணியடித்துத் துண்டிக்கும் ‘மிஸ்டு கால்’ வழக்கம் அப்போது நம் தேசமெங்கும் இருந்ததல்லவா? அந்த ஏழை வழக்கத்தையே வாசலாகக் கொண்டு, 2013-இல் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ‘கான் கஜூரா டேசன்’ என்ற சேவையைத் தொடங்கினார்கள். ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கம்பெனி தன் செலவில் திரும்ப அழைத்து 15 நிமிஷம் சினிமாப் பாட்டும் ஹாஸ்யத் துணுக்கும் கேட்கச் செய்யும். நடுநடுவே விளம்பரம் வரும். சாதாரண பட்டன் போனே போதும். மறுவருஷம் கேன்ஸ் விளம்பர விழாவில் இதற்குத் தங்கப் பரிசுகள் கிடைத்தன. பரிசைவிட, கேட்கிறவனுக்கு முதலில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு தன் சரக்கைப் பற்றிப் பேசிய மரியாதையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த மரியாதையை நான் முதன்முதலில் கண்டது கும்பகோணத்தில், கல்லூரி மாணவனாக மாலைவேளைகளில் மாமாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய காலத்தில். மாதப் பிறப்பில் படிக்கணக்கில் நல்லெண்ணெய் வாங்கிய வீட்டிலிருந்தே, இருபதாம் தேதிக்குமேல் கழுத்தில் கயிறு கட்டிய சீசாவோடு பையன் வருவான். மாமா ஒன்றும் கேட்காமல் ஆழாக்கு எண்ணெயை அளந்து ஊற்றி, நோட்டில் எழுதிக்கொண்டு, அவன் கையில் ஒரு துண்டு வெல்லமும் வைப்பார். எந்த வீட்டுக்கு எப்போது சம்பளம், யாருக்குப் பிரசவம், எங்கே தீட்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தேவையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2016-இல் ஜியோ கைபேசிச் சேவை வந்து டேட்டா மலிந்ததும், பீகார் கிராமங்களுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததும், மிஸ்டு கால் கொடுத்துப் பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நேற்றைய வெற்றியை அப்படியே இன்று பிரதியெடுக்க முடியாது; மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

இன்று கிளிக்குகளை எண்ணுவதில் நம்மவர்கள் மகா சமர்த்தர்கள். ஆயினும் நேற்றுக் குக்கர் வாங்கிய அம்மாளை ஒரு மாதம் முழுதும் குக்கர் விளம்பரமே துரத்துகிறது. அவர் விரல் எதைத் தொட்டது என்று தெரிந்தவர்களுக்கு, அவர் சமையலறையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நாளடைவில் கேஸ்கட் தளர்ந்து, விசில் வராமல் நீராவி பக்கவாட்டில் கசியும்போது, எந்த அளவு கேஸ்கட், எந்தக் கடையில் கிடைக்கும் என்று நல்ல தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அவர் அந்தக் கம்பெனியை மறப்பாரா? இதைச் செய்யுங்கள் என்று சந்தித்த அதிகாரிகளிடமெல்லாம் மன்றாடி வருகிறேன். உங்களில் சிலர் விரைவிலேயே அந்த நாற்காலிகளில் அமரப்போகிறீர்கள். அமர்ந்த முதல் வாரத்திலேயே இந்த ஒரு செய்தியை எழுதி அனுப்பிவையுங்கள்.