கடைசியில் வரும் எஸ்

ஆங்கிலம் கற்கத் தொடங்கியதுமே சொல்லித்தரப்படும் விதிகளில் ஒன்று இது: ஐ, யூ, வீ, தே என்றால் ‘கோ’, ஹி, ஷி, இட் என்றால் ‘கோஸ்’. நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமையில், வினையின் பின்னால் ஓர் எஸ். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடும். ஆனால் பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் பலருக்குப் பேச்சில் ‘மை பிரதர் ஒர்க் இன் சென்னை’ என்றுதான் வருகிறது. எஸ் எங்கே என்று யாராவது கேட்டால் உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறோம். விதி தெரியாமல் விட்டதா என்றால், இல்லை. கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்வார்கள். அதுவும் சரியான காரணம் இல்லை. சொல்லிக்கொடுக்க எளிதான விதி வேறு, பேச்சில் எளிதாகப் படியும் விதி வேறு. முதலில் கற்பிக்கப்படும் இந்த எஸ், உண்மையில் கடைசியில் வந்து சேரும் கூட்டத்தைச் சேர்ந்தது. இதை ஒப்புக்கொண்டால் ஆங்கில இலக்கணத்தை எந்த வரிசையில் கற்பிப்பது என்பதையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஆங்கிலம் பேசும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை மட்டும் இதை எடுத்த எடுப்பில் பேசிவிடுகிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து, 1973-இல் நூலாக வெளியிட்டார். 14 சின்னச் சின்ன இலக்கண உறுப்புகள் எந்த வரிசையில் வருகின்றன என்று கணக்கெடுத்தார். ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ என்பதில் வரும் ‘இங்’ முதலில் வந்துவிட்டது. பன்மைக்கான எஸ்ஸும் சீக்கிரமே வந்தது. வினையோடு ஒட்டும் எஸ் மட்டும் பின்வரிசையில் நின்றது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் காலையில் கண்விழித்தது முதல் ஆங்கிலத்தையே கேட்டு வளர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே ஹைடி டூலே, மரினா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற ஸ்பானிய மொழிப் பிள்ளைகளையும் சீன மொழிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஸ்பானிய வினை நம் தமிழைப் போலத் தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப விகுதி மாறும். சீன வினைக்கு அப்படி மாறும் விகுதியே கிடையாது. இரு கூட்டத்துக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வினை எஸ் இரண்டிலும் தாமதம். தாய்மொழிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியருக்கும் கொரியருக்கும் ‘ஏ’, ‘தி’ என்ற சொற்களும் பன்மையும் கூடுதலாக இழுக்கும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் வினை எஸ் பொதுவாகத் தாமதமாகவே வருகிறது.

உச்சரிப்புதான் தடை என்று ஒரு வாதம் உண்டு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘ஆஸ்க்ஸ்’, ‘ஹெல்ப்ஸ்’ என்று மெய்களை அடுக்குவது நமக்குச் சிரமம்தான். ஆனால் ‘டூ புக்ஸ்’ என்று தடங்கல் இல்லாமல் சொல்லும் அதே வாய்தான் ‘ஷி குக்ஸ்’ என்னும் இடத்தில் ‘ஷி குக்’ என்று நின்றுவிடுகிறது. புக்ஸ், குக்ஸ்: ஒலி ஒன்று, வேலை வேறு. புத்தகம் ஒன்றா, பலவா என்பதை முதல் எஸ் சொல்கிறது. இரண்டாவது எஸ் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. ‘ஷி’ என்று ஏற்கனவே சொல்லியாயிற்று. தமிழில் ‘வருகிறாள்’ என்ற ஒரு சொல்லே போதும். ஆள் யார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையெல்லாம் விகுதி சொல்லிவிடும். எழுவாயை விட்டுவிட்டாலும் குறையில்லை. ஆங்கிலத்தில் எழுவாயை விடவே முடியாது. விட முடியாத ஒன்று சொல்லிவிட்டதையே மறுபடி சொல்லும் விகுதியை மனம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

இந்த எஸ் எப்போதும் தனித்து நின்றதில்லை; பழைய ஆங்கிலத்தில் வினை விகுதிகள் ஒரு குடும்பமாக இருந்தன. முன்னிலை ஒருமைக்கு ‘எஸ்ட்’, படர்க்கை ஒருமைக்கு ‘எத்’, பன்மைக்கு இன்னொன்று. காலப்போக்கில் மற்றவை உதிர்ந்தன. இங்கிலாந்தின் வடபகுதி வழக்கான எஸ், தெற்கே பரவி ‘எத்’தின் இடத்தைப் பிடித்தது. ஷேக்ஸ்பியரில் இரண்டும் கலந்து கிடக்கும். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியமோ பழைய ‘எத்’தையே விடாமல் பிடித்துக்கொண்டது. கடைசியில் எஞ்சியது இந்த எஸ் ஒன்றுதான். இங்கிலாந்திலேயே நார்ஃபோக் வட்டாரத்துப் பேச்சில் இதுவும் விழுந்துவிட்டது. அங்கே ‘ஹி கோ’ என்பது ஊர் வழக்கு. வெகுதூரம் போவானேன், நம் பக்கத்திலேயே மலையாளம் இருக்கிறது. நானோ, நீயோ, அவனோ, அவர்களோ, யார் வந்தாலும் ‘வருன்னு’தான். அந்த மொழியில் கருத்துப் பரிமாற்றம் ஏதும் கெட்டுப்போய்விடவில்லை.

இந்த எஸ்ஸை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தி உருப்போட வைப்பதால் விளையும் கோளாறு ஒன்றைக் கவனியுங்கள். ‘ஹி கோஸ்’ என்று நூறு முறை எழுதிய பிள்ளை, கேள்வி கேட்கும்போது ‘டஸ் ஹி கோஸ்?’ என்கிறது, மறுக்கும்போது ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்கிறது. விதியை நன்றாகப் படித்ததால் வந்த பிழை இது! அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராத செய்தி இதுதான்: ஒரு வாக்கியத்துக்கு எஸ் ஒன்றுதான். ‘டூ’ என்னும் துணைவினை உள்ளே வந்துவிட்டால் எஸ்ஸை அதுவே எடுத்துக்கொண்டு ‘டஸ்’ ஆகிவிடும். ‘கோ’ வெறுங்கையோடு நிற்கும். ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ வந்தால் எஸ்ஸுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே கேள்வியின் அமைப்பும் மறுப்பின் அமைப்பும் முதலில் மனத்தில் பதிய வேண்டும். அதன் பிறகே எஸ் எங்கே ஒட்டுகிறது என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. சொல் வரிசையும் அப்படியே. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்பதை ‘பூனையை நாய் துரத்தியது’ என்று மாற்றினாலும் தமிழில் துரத்தியது நாய்தான். ‘ஐ’ உருபு காத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். எஸ் விட்டுப்போனால் வாக்கியம் நெருடும். வரிசை தப்பினால் செய்தியே தப்பும். கற்பவரின் உழைப்பு முதலில் எங்கே போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் பிழையைக் கண்டும் காணாமல் விடலாமா, நேர்முகத் தேர்வில் வேலை போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலத்தைத் திரட்டி ஆராய்ந்த வியன்னா பேராசிரியர் பார்பரா சைட்ல்ஹோபர், எஸ் விடுபடுவதால் பேச்சு புரியாமல் போவதில்லை என்று கண்டார். ஆனால் தேர்வாளரின் காது அந்த ஆய்வைப் படித்துவிட்டு வருவதில்லை. நல்ல ஆங்கிலத்துக்கு எஸ் வேண்டும், ஐயமில்லை. இன்னொரு ஆட்சேபமும் வலுவானது: விட்டுவைத்த பிழை அப்படியே இறுகிப்போய்விடும். லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-லேயே இதை எச்சரித்தார். இறுகுவது உண்மைதான். ஆனால் பேச்சின் நடுவில் குறுக்கிட்டுத் திருத்துவது அதற்கு மருந்தாகாது. பேசுகிறவருக்குச் சொல்ல வந்ததைத் தேடவே நேரம் போதாது. விதியை நினைத்துப் பார்க்க நேரம் கிடைப்பது எழுத்தில்தான். அம்மா காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு எஸ்ஸுக்காக மட்டும் ஒருமுறை படிக்கட்டும்: ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடி, அது ஒருமையா என்று பார்த்து, வினையைத் தொட்டு வரட்டும். ‘எவ்ரிஒன்’ வரும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு எல்லோரும் என்றால் பன்மை, ஆங்கிலத்துக்கு அது ஒருமை. திருத்திய பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் காதுக்கும் பழகும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டில் பிள்ளை வாய் திறந்து ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லும்போது அதை முடிக்க விடுங்கள்; என்ன சொன்னது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். எஸ்ஸை அன்று மாலை நோட்டுப் புத்தகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.