குடியேறத் தக்க தெரு

தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டோர் பல தலைமுறைகளாக வாழும் நாடு நம் கொங்கு நாடு. இன்று பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழில் தேடிக் குடும்பங்கள் வருகின்றன. வீடு தேடும் அவர்கள் வாடகையை மட்டும் நோக்கினால் போதாது. அயலாரின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும்.

2023 மார்ச்சு மாதத்தில், வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழுவினர் திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து விசாரித்தனர். அத்தகைய நாளில் கதவைத் தட்டி, 'அஞ்சற்க, நாங்கள் இருக்கிறோம்' என்று கூறும் அண்டை வீட்டார் உள்ள தெருவே பாதுகாப்பான தெரு.

அதனை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? மாலை வேளையில் சென்று பார்க்கலாம். குழாயடியில் புதியவருக்கும் முறை கிடைக்கிறதா? வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை எழுத்தில் தர இசைகிறாரா? பிறமொழிக் குழந்தைகளைப் பள்ளி தயங்காது ஏற்கிறதா? மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயினும், எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுத்தலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி.

இவை வந்தவர் கேட்கும் வினாக்கள். விடையளிக்க வேண்டியவர்களோ, முன்பே குடியிருக்கும் நாம்தாம்.