கொடுக்கும் குப்பியும்

மும்பையில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அம்பேத்கர் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், தாதரைத் தாண்டிப் பரேல். அங்கே பழைய கவர்னர் மாளிகையில் 1899 முதல் இயங்கிவருகிறது ஹாஃப்கின் நிறுவனம்; பாம்புக்கடி மருந்தால் பேர்பெற்ற இடம். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்துக் குப்பியின் மேல் ஒரு கணக்கு அச்சிட்டிருக்கும்: ஒரு மில்லி மருந்து நாகத்தின் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும், கட்டுவிரியன் நஞ்சில் 0.45 மில்லிகிராமை முறிக்கும். மருந்து என்றால் இப்படி அளவு தெரிந்திருக்க வேண்டும். மூட்டுவலிக்குத் தேனீயைப் பிடித்துக் கொட்டவிடும் வைத்தியத்தை எடைபோட இந்தக் கணக்கே போதும். நஞ்சு மருந்தாகலாம், ஆனால் பிரித்தெடுத்து, அளந்து, ஆள் பார்த்துக் கொடுத்தால்தான். உயிருள்ள தேனீயைத் தோலில் வைக்கிறபோது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

தேனீ நஞ்சைச் சேகரிக்கும் முறையே பார்க்க வேடிக்கையானது. கண்ணாடித் தகட்டின் மேல் கம்பிகளை இழுத்துக் கட்டி, லேசாக மின்சாரம் பாய்ச்சி, கூட்டின் வாசலில் வைக்கிறார்கள். சுரீரென்று பட்டதும் தேனீ கண்ணாடியைக் கொட்டுகிறது. கண்ணாடியில் கொடுக்கு மாட்டிக்கொள்ளாது, தேனீ பிழைத்துப் போய்விடும். காய்ந்து படிந்த நஞ்சை பிளேடால் சுரண்டி எடுக்கிறார்கள். அந்தப் பொடியில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின். 26 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம் அது. ஒரு முனை எண்ணெய்ப் பசையோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு சேரும், சோப்பைப் போல. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதானே, அதில் நுழைந்து ஓட்டை போட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் செல்களின் சவ்வை மெலிட்டின் ஒரு மணி நேரத்துக்குள் சிதைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல். ரத்தத்தில் விட்டால் மெலிட்டின் நம் சிவப்பணுக்களையும் அதேபோல் உடைக்கும். புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போகும்படி அதற்குக் கடிவாளம் போடுவதுதான் இன்னும் முடியாத வேலை.

“எத்தனை காலமாக நடக்கிற வைத்தியம், குணமானவர்கள் இருக்கிறார்களே” என்பார்கள். ஆஸ்திரிய மருத்துவர் பிலிப் டெர்ச் 1888-லேயே வாத நோய்க்கு இதை எழுதிவைத்தார் என்பது உண்மை. வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் வலி தானாகவே ஏறி இறங்குவது, நம்பிக்கையே பாதி மருந்தாவது எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனை. நெதர்லாந்தில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்கள் 26 பேருக்கு 24 வாரம், வாரம் மூன்று முறை, ஒரு தடவைக்கு 20 கொட்டுவரை கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவு: நோயும் குறையவில்லை, அசதியும் குறையவில்லை. “பலமுறை கொட்டு வாங்கியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பதும் காப்பாகாது. 2018-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், இரண்டு வருடமாக இந்த வைத்தியம் செய்துகொண்ட ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர் வழக்கமான ஒரு கொட்டுக்குப் பிறகு ஒவ்வாமையால் இறந்துபோனார். அவருக்கு வயது 55.

வேடிக்கை என்னவென்றால், தேனீ நஞ்சு உறுதியாகப் பலன் தருவது தேனீ ஒவ்வாமைக்கே. முன்பெல்லாம் பூச்சியை முழுசாக அரைத்த சாற்றைத்தான் ஊசியாகப் போட்டார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சாறு வெறும் ஊசிக்குச் சமம் என்று தெரிந்தது. சுத்தமான நஞ்சை அணு அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனதுதான் நோயாளிகளைக் காத்தது. அதே பூச்சி, அதே நஞ்சு. அளவு மட்டும் கைக்குள் வந்துவிட்டது.

மூட்டுவலிக்காகத் தேனீயைத் தேடிப் போகாதீர்கள். தற்செயலாகக் கொட்டிவிட்டால், நகத்தாலோ விரலாலோ எதனாலாவது கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். கொடுக்கை உடனே எடுக்கச் சொல்வது ஏனென்றால், தேனீ பறந்த பிறகும் நஞ்சுப் பை துடித்துக்கொண்டே இருக்கும். 20 விநாடியில் நஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு உள்ளே போயிருக்கும்.