சுழல் கொடுக்கிறது, அலை வாங்குகிறது



கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி, ஐம்பது முதல் இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள நீர்ச்சுழல்களில் இருக்கிறது. காற்று தள்ளும் பெரும் நீரோட்டங்களே இவற்றுக்குத் தாய். வந்த ஆற்றல் எங்கோ செலவாக வேண்டுமே? ஆனால் பூமியின் சுழற்சிக்குக் கட்டுப்பட்ட இந்தச் சுழல்கள் எளிதில் சிறு சுழல்களாகச் சிதறுவதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து வளரத்தான் பார்க்கின்றன. பிறகு எப்படி ஓய்கின்றன?

ஒரு விடை, உள் அலைகள். மேலே லேசான நீர், கீழே கனத்த நீர் என்று கடல் அடுக்கடுக்காக இருப்பதால், அதன் உள்ளேயே அலைகள் எழுந்து ஓடுகின்றன. சுழல்களுக்கு நடுவே அகப்பட்ட அலையை நீரோட்டம் இழுக்கிறது. பரோட்டா மாவு இழுக்க இழுக்க மெலிவதுபோல, அலை ஒருபுறம் நீண்டு மறுபுறம் நெருங்குகிறது. அந்த இழுப்பில் சுழலின் ஆற்றல் அலைக்குக் கைமாறுகிறது. கடைசியில் அலை உடைந்து, மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிவிடுகிறது.

இதற்குச் சான்று கிடைத்த விதம் என்னை இன்றும் நெகிழவைக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் சேர்ந்து 'பாலிமோட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். அதன் பகுதியாக 1978-79இல் சர்காசோக் கடலில் நங்கூரமிட்ட கம்பிகளில் நீரோட்டமானிகளைக் கட்டி இறக்கினார்கள். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் கர்ட் போல்சின் அந்தப் பதிவுகளை மறுபடி அலசி, சுழல்களிலிருந்து உள் அலைகளுக்குப் போகும் ஆற்றலைக் கணக்கிட்டார். அவருடைய கட்டுரை 2010இல் வெளிவந்தது. கருவி இறக்கியவர்கள் எண்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்காவிட்டால் அந்தக் கட்டுரையே இல்லை. பட்டம் பெறும் இளையவர்களே, உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்புகளையும் அப்படியே, முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் படிக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

கணக்கு இன்னும் முடியவில்லை. தென்பெருங்கடலில் ஆழத்து நீரோட்டம் கடலடி மலைகள்மேல் ஏறி இறங்கும்போதும் உள் அலைகள் பிறக்கின்றன. கடல்தரை உராய்வும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எதற்கு எவ்வளவு? 2022 டிசம்பரில் ஏவப்பட்ட 'ஸ்வாட்' செயற்கைக்கோள் மேற்பரப்பின் மேடுபள்ளங்களை நுணுக்கமாக அளக்கிறது. ஆனால் ஆழத்தில் நடப்பதை அளக்கக் கப்பலேறும் ஆட்கள் வேண்டும். இயற்பியல், கணிதம், இயந்திரவியல், எது படித்தவர்களானாலும் வாருங்கள். வேலை நிறைய இருக்கிறது.