பாட்டுப் பொம்மையும் பாட்டியின் மடியும்



திருவக்கரையில் பௌர்ணமி என்றால் சாலையோரம் கடைகள் நிறைந்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஏ, பி, சி பாடும் பொம்மை, ஆடு மாடு போலக் குரல் எழுப்பும் சின்னப் பியானோ எல்லாம் அங்கே கிடைக்கும். பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும் என்று நாமும் ஆசையாக வாங்குகிறோம். கழனியிலும் கல்குவாரியிலும் உழைத்துவிட்டு வரும் பெற்றோர் சற்று இளைப்பாற அது உதவுகிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அண்மையில் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தோம். ஒன்றரை வயதுக் குழந்தை பாட்டுப் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்து, பாட்டு இழுத்து இழுத்து நின்றுபோனது. குழந்தை அழுதது. பாட்டி அதை மடியில் போட்டுக்கொண்டு ஆராரோ பாடினார். குழந்தை அழுகையை நிறுத்தி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்த்தது. பாட்டி கடிப்பதுபோல் பாவனை செய்தார். குழந்தை சிரித்து "ஆ" என்றது. பாட்டியும் "ஆ" என்றார்.

பொம்மை செய்யாத ஒன்றைப் பாட்டி செய்தார்: பதில் கொடுத்தார். குழந்தை சிரித்தாலும் அழுதாலும் பொம்மை அதே பாட்டைத்தான் பாடும்.

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகள், தங்கள் வீட்டிலேயே பெற்றோருடன், மின்னணுப் பொம்மைகள், சாதாரணப் பொம்மைகள், படப் புத்தகங்கள் ஆகியவற்றை வைத்து விளையாடினார்கள். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள். குழந்தைக்குப் பதில் சொல்வதும் குறைந்தது. பொம்மை பேசத் தொடங்கியதும் நாம் மௌனமாகிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

நம் ஊர்க் கல்மரப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் உருவம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது துளிர்ப்பதில்லை, நிழல் தருவதில்லை. பொம்மையின் குரலும் அப்படித்தான். குரல் இருக்கிறது, உயிர் இல்லை.

மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். ஆண்டவரோ சீடர்கள்மேல் கோபம் கொள்கிறார். தூரத்தில் நிறுத்தியே அவர் ஆசி வழங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகளை அணைத்து, கைகளை அவர்கள்மேல் வைத்து ஆசி வழங்கினார். தம் நேரத்தையும் தம்மையுமே கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, பொம்மை வாங்குங்கள், கவனித்து வாங்குங்கள். 2021 சனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேட்டரி மூடி திருகாணியால் இறுக மூடியிருக்கட்டும். பொத்தான் போன்ற சின்னப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அதோடு, தினமும் இரவில் கால் மணி நேரம் பொம்மையையும் கைப்பேசியையும் அணைத்து வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம்; உங்கள் பிள்ளைக்கு அதைவிட இனிய குரல் உலகில் இல்லை. கோவிலில் பாடும் பாட்டையே பாடுங்கள். அது ஏதாவது மழலை பேசினால், பதில் சொல்லுங்கள். கூப்பிட்டால் கேட்பவர் ஒருவர் உண்டு என்று அந்த மடியில் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, வானகத் தந்தை கேட்கிறார் என்று நம்புவது பின்னாளில் எளிதாகும்.

சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்ட ஆண்டவர் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.